போரில் போன கோயில் பொருட்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் கூட்டங்களிலும் பங்குச் சபைகளிலும் போரில் தொலைந்த விக்கிரகம், மணி, ஏடு என்று பேச்சு எழுந்தால் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தொலைந்த பொருட்களைப் பட்டியலிடும் வேலையில் ஊரவர்களோடு கூடநின்றபோது என் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் போகுமுன் நாமே செய்து முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கட கோயில்ல கலைப்பொருள் எண்டு ஒண்டுமில்லை. ஒரு அம்மன் விக்கிரகமும் கொஞ்சப் பித்தளைச் சாமானும்தான். அதுவும் இந்தக் கணக்கில வருமோ?

வரும். எழுந்தருளி விக்கிரகம், திருவாசி, அம்மன் முகம், சிலம்பு, காண்டாமணி, குத்துவிளக்கு, மர வாகனம், தேர்ச் சிற்பம், தேவாலயத்துச் சொரூபம், பள்ளிவாசலில் இருந்த கையெழுத்துப் பிரதி எல்லாமே வரும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வீட்டுக் கூரை இறப்பில் செருகியிருந்த கூத்து ஏடும் வரும். கோவலன் கூத்தின் கொப்பி ஒன்று தொலைந்தால், அந்த ஊர் பாடி ஆடிய பாடமே அதோடு போய்விடுகிறது. விலை மதிப்பைப் பார்த்தால் அது பழைய கடதாசி. அண்ணாவியாரும் போய்விட்ட ஊரில் அதற்கு ஈடாக வைக்க எதுவும் இல்லை.

சண்டை எண்டா சாமான் தூக்கிறது எல்லா நாட்டிலயும் நடக்கிறதுதானே. அதைப் பிழை எண்டு சட்டம் சொல்லுதோ?

தெளிவாகச் சொல்கிறது. போர் நடத்தும் முறை பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளே கொள்ளையடிப்பதைத் தடை செய்துவிட்டன. ஜேர்மன் நாஜிகள் ஐரோப்பா முழுவதும் ஓவியங்களையும் நூலகங்களையும் அள்ளிச் சென்றார்கள். அந்த வேலைக்கென்றே ஓர் அமைப்பை நடத்திய அல்ஃப்ரட் ரோசன்பெர்க் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு 1946-இல் தூக்கிலிடப்பட்டார். அவர்மேல் நிரூபணமான குற்றங்களில் இந்தக் கொள்ளையும் ஒன்று.

அதற்குப் பிறகு 1954-இல் போர்க்காலப் பண்பாட்டுச் சொத்துகளுக்கென்றே தனியான ஹேக் உடன்படிக்கை வந்தது. இலங்கை அதில் 2004-இல் சேர்ந்தது. நமக்கு முக்கியமானது அதன் 19-ஆம் உறுப்புரை. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போரிலும் இரு தரப்புகளையும் பண்பாட்டுச் சொத்துகளை மதிக்கும் கடமை கட்டுப்படுத்தும் என்கிறது அது. “அது உள்நாட்டுப் பிரச்சினை” என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஷெல் விழுந்து அழிஞ்சதோ, ஆராவது எடுத்ததோ எண்டு எப்பிடிப் பிரிச்சறியிறது?

இதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்தபோது அங்கிருந்த ஓலைச்சுவடிகள் சாம்பலாகின. அவற்றைத் தேட வழியில்லை. உலோகம் அப்படி மாயமாய்ப் போகாது. ஷெல் விழுந்து கூரை எரிந்திருந்தால் வெண்கலம் உடைந்தோ உருகியோ அங்கேதான் கிடக்கும். கட்டடம் ஓரளவு நிற்கிறது, பீடமும் இருக்கிறது, விக்கிரகத்தைப் பொருத்திய ஆணி மட்டும் அறுக்கப்பட்டிருக்கிறது என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். மர வாகனங்கள் பல விறகாகியிருக்கலாம். மனம் வலித்தாலும் அதையும் எழுதிவையுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நம் ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். காப்பாற்றவென்று ஒளித்தது அல்லது கொண்டுபோனது. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேஸ்வரத்தை இடித்தபோது மண்ணுக்குள் மறைக்கப்பட்ட சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் 1950-இல் திருகோணமலையில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. மடு மாதாவின் சொரூபமும் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டதுதான். அதே சொரூபத்தை 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றார்கள். பிறகு அது மடுவுக்கே திரும்பியது. ஆகவே கடைசியாகக் கோயிலை விட்டு வெளிக்கிட்டவர்கள் யார், எந்த உழவு மெசினில் எதை ஏற்றினார்கள் என்று விசாரியுங்கள். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போன பாதையில் பொருள் எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பது இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஐயா இடம்பெயரேக்க விக்கிரகத்தைத் தாட்டவராம். அவர் இப்ப இல்லை. நாங்களே தோண்டிப் பாக்கலாமோ?

கண்டபடி தோண்டாதீர்கள். முதற்காரணம் கண்ணிவெடி. வன்னியில் இன்னும் துப்புரவாக்கி முடியாத நிலங்கள் இருக்கின்றன, சிவப்புப் பலகை இல்லை என்பதால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பானதாகிவிடாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டால் அந்தக் காணி விடுவிக்கப்பட்டதா என்று சொல்வார்கள்.

இரண்டாவது காரணம் சட்டம். தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இரவில் நாலுபேர் மண்வெட்டியோடு நின்றால் புதையல் தோண்டியதாகத்தான் வழக்கு வரும். எங்கே, யார், எப்போது தாட்டார் என்று தெரிந்தவர்களிடம் எழுத்தில் வாங்கி, பரிபாலன சபைத் தீர்மானத்தோடு கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பகலில் செய்யுங்கள். பொருள் வெளியே வந்தால் அது கோயிலுடையது என்று காட்ட அந்தக் கடிதமே உதவும்.

எங்களிட்ட ஒரு படம்கூட இல்லை. எல்லாம் முள்ளிவாய்க்காலோட போச்சு. ஆதாரம் எண்டு என்னத்தைக் காட்டுறது?

அதிகம் பேர் கைவிட்டுவிடும் இடம் இதுதான். கைவிட வேண்டியதில்லை. உங்களிடம் இல்லாத படம் வெளிநாட்டில் இருக்கும் மாமியின் அல்பத்தில் இருக்கலாம். கோயிலில் தாலி கட்டிய கலியாணப் படங்கள், பிள்ளைக்குச் சோறு தீத்திய படங்கள், 80-களிலும் 90-களிலும் எடுத்த திருவிழா வீடியோக் கசெற்றுகள், கும்பாபிஷேக மலர்கள், நேர்த்திக்கு அடித்த துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் திருவாசி போதும். தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2006-இல் திருடப்பட்டு, 2008-இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐந்து மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குள் எடுத்துவைத்திருந்த படம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

படமே கிடைக்காவிட்டால் பீடத்தைப் பாருங்கள். கம்போடியாவின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோ கெர் என்ற பழைய தலைநகரிலிருந்து துரியோதனன் சிலை ஒன்றைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துச் சென்றார்கள். பாதங்கள் பீடத்திலேயே நின்றுவிட்டன. 2011-இல் நியூயோர்க்கில் சொதபிஸ் ஏலத்துக்கு அந்தச் சிலை வந்தபோது, ஊரில் நின்ற அந்தப் பாதங்கள்தான் சாட்சியாகின. ஏலம் நின்றது, 2014-இல் சிலை கம்போடியாவுக்கு வந்தது. உங்கள் கோயிலின் பீடத்தில் இருக்கும் துவாரத்தின் அளவு, ஈயம் ஊற்றிய அடையாளம், ஆணியின் இடைவெளி ஆகியவற்றை அளந்து படமெடுத்து வையுங்கள். புனருத்தாரணம் என்று பழைய பீடத்தை உடைத்துக் கொட்டிவிடாதீர்கள். பல ஊர்களில் அதைத்தான் செய்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய கவலை.

பிறகு மனிதர்களின் நினைவு. அபிஷேகம் செய்த குருக்களின் கைக்கு விக்கிரகத்தின் ஒவ்வொரு தழும்பும் தெரியும். இடது கை விரல் தேய்ந்திருந்தது, திருவாசியின் ஒரு சுடர் ஒட்டுப் போட்டது, அடியில் உபயகாரரின் பெயர் வெட்டியிருந்தது என்று அவர் சொல்வதைச் சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டு வையுங்கள். சாத்துப்படி செய்தவர், பாத்திரம் மினுக்கிய அம்மாமார், சாமி காவிய இளைஞர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்.

பட்டியல்ல என்னென்ன எழுத வேணும்?

உலகம் முழுவதும் பொலிஸும் அருங்காட்சியகங்களும் பயன்படுத்தும் ‘ஒப்ஜெக்ற் ஐடி’ (Object ID) என்ற முறை 1997-இல் உருவாக்கப்பட்டது. அதன்படி பொருளின் வகை, எதனால் செய்தது, உயரம், அகலம், எடை, அதில் உள்ள எழுத்துகளும் குறிகளும், அதற்கே உரிய தழும்புகள், அது எந்தத் தெய்வம் அல்லது காட்சி, செய்த காலம், செய்தவர், ஒரு சிறு விவரணம், படம் என்று எழுத வேண்டும். தழும்பு பற்றிய பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். ஒரே பட்டறையில் வார்த்த பத்துப் பிள்ளையார்களில் உங்கள் பிள்ளையாரைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

இதோடு கடைசியாகக் கண்ட திகதியையும் கண்டவரையும் சேருங்கள். இப்போது கோயிலில் இருக்கும் பொருட்களுக்கும் இதே பட்டியலை இன்றே செய்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இத்தனை வருசம் கழிச்சுப் பொலிஸில போய்ச் சொன்னா ஏற்பினமோ?

சொல்ல வேண்டும், அதுவும் சுணங்காமல். இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக இருபது ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடர முடியாது. 2009-இல் நடந்த களவுக்கு 2029 வரைதான் காலம்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்டர்போலின் களவுபோன கலைப்பொருட்கள் தரவுத்தளத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. ஏலக்காரரும் வாங்குபவரும் அதைத்தான் பார்க்கிறார்கள். 2021 முதல் கைத்தொலைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். ஆனால் நீங்களோ நானோ நேரே அதில் பொருளைச் சேர்க்க முடியாது. நாட்டின் பொலிஸ் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு முறைப்பாட்டு இலக்கம் தேவை. “ஆர் எடுத்தது” என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். சந்தேகத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லப்போய் முறைப்பாடே வேறு திசையில் போய்விடும்.

தொல்லியல் திணைக்களத்திட்டச் சொன்னா கோயில் காணியையே எடுத்துப்போடுவினம் எண்டு பயமாக் கிடக்கு. சொல்லத்தான் வேணுமோ?

இந்தப் பயத்தை வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஐயனாரை வழிபட்டுவந்த குருந்தூர்மலையில் தொல்லியல் அகழ்வுக்குப் பின் விகாரை எழுந்ததை முல்லைத்தீவில் எல்லோரும் பார்த்தோம். வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் பெயர்த்து எறியப்பட்டுக் கிடந்தன. நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் அவற்றைத் திரும்பப் பிரதிஷ்டை செய்ய முடிந்தது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் தொல்பொருள் என்பது 1815 மார்ச் 2-க்கு முற்பட்டது. வன்னிக் கோயில்களின் விக்கிரகங்கள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. அவை களவுபோனால் அது சாதாரணப் பொலிஸ் முறைப்பாடு, திணைக்களத்துக்குப் போகத் தேவையே வராது. உண்மையிலேயே பழைய பொருள் என்றால் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. நாளை அது வேறெங்காவது கிடைத்தால் உங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டும் இருக்காது. வாய்மொழியாகப் பேசாமல் எழுத்தில் கொடுங்கள். பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

வெளிநாட்டுக்குப் போயிருந்தா என்ன செய்யலாம்?

இங்கே 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை துணைக்கு வரும். இலங்கை 1981 முதல் அதில் இருக்கிறது. கோயில், தேவாலயம், அருங்காட்சியகம் போன்ற இடத்திலிருந்து திருடப்பட்ட பொருளை மற்ற உறுப்பு நாடுகள் இறக்குமதி செய்ய விடக்கூடாது, கேட்டால் மீட்டுத்தர நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு நிபந்தனை: அந்தப் பொருள் அந்த இடத்தின் பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். மேலே பட்டியல் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

கோரிக்கையை வைக்க வேண்டியது அரசாங்கம், நாம் அல்ல. அதனால் அமைச்சுக்கு எழுத வேண்டும், நாடாளுமன்ற உறுப்பினரை நெருக்க வேண்டும். காலம் எடுக்கும். கண்டியில் 1765-இல் ஒல்லாந்தர் கொள்ளையடித்த பீரங்கியும் வாள்களும் 2023 டிசம்பரில்தான் நெதர்லாந்திலிருந்து வந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏல விற்பனைப் பக்கங்களில் நம் பொருள் போல ஒன்றைக் கண்டால் பேஸ்புக்கில் போட்டுச் சத்தம் போடாமல், படத்தையும் விற்பனை இலக்கத்தையும் சேமித்து முதலில் ஊருக்கு அனுப்புங்கள். சத்தம் கேட்டால் பொருள் ஒளிந்துவிடும்.

வாங்கினவர் காசு குடுத்துத்தானே வாங்கினவர்? அவரிட்ட எந்த முகத்தோட கேக்கிறது?

களவு கொடுத்தவரின் உரிமை, களவெடுத்தவர் விற்றதால் அழிவதில்லை என்பதே நம் நாட்டிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பொதுவான கொள்கை. சில ஐரோப்பிய நாடுகள் தெரியாமல் வாங்கியவருக்குக் கூடுதல் பாதுகாப்புக் கொடுக்கின்றன. மேலே சொன்ன யுனெஸ்கோ உடன்படிக்கையும் அப்படி வாங்கியவருக்கு, கேட்கும் நாடு நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது.

ஒஸ்திரியாவில் நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடம் பறித்த, ஓவியர் கிளிம்டின் படைப்புகள் அரச கலைக்கூடத்தில் பல பத்தாண்டுகள் தொங்கின. வாரிசான மரியா அல்ட்மன் வழக்காடி 2006-இல் அவற்றைப் பெற்றபோது அவருக்கு வயது தொண்ணூறு. கேட்கிறோம் என்று வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

எங்கட கோயில் பதிவில்லை. சபையும் சிதறிப்போச்சு. ஆர் வழக்குப் போடுறது?

அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் இடிந்து கிடந்த ஒரு கோயில் நிலத்தில் 1976-இல் ஒரு கூலித்தொழிலாளி நடராசரைக் கண்டெடுத்தார். அது கைமாறி லண்டன் போய், 1982-இல் ஒரு கம்பனி வாங்கியது. பூசையே இல்லாத அந்தக் கோயிலை உரிமை கோரக்கூடிய ஆளாக ஏற்று 1991-இல் லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். இடிந்த கோயிலுக்கே உரிமை இருக்கும்போது சிதறிய சபைக்கு இல்லாமல் போகாது. ஆனாலும் இப்போதே கூட்டம் கூட்டி, நாலுபேரைத் தெரிவுசெய்து, கூட்ட அறிக்கை எழுதி, பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

எங்கட வீட்டிலயே ஒரு கோயில் மணி கிடக்கு. அப்பா மீள்குடியேறின நேரம் பழைய இரும்புக்காரனிட்ட வாங்கினவர். இப்ப வெளியில சொன்னா கள்ளர் எண்டு சொல்லுவினமோ?

திருப்பிக் கொடுங்கள். எந்தக் கோயில் என்று தெரியாவிட்டாலும் மணியில் வார்த்திருக்கும் எழுத்தைப் படமெடுத்து அக்கம்பக்கத்துக் குருக்கள்மாரிடமும் பங்குத் தந்தையிடமும் காட்டுங்கள். அவர்கள் வழியாகவே பெயர் சொல்லாமல் ஒப்படைக்கலாம். உங்கள் அப்பா அதை வாங்கியிராவிட்டால் அது உருகிப் போயிருக்கும்.

பொருளை இழந்த கோயில்களிடமும் ஒன்று கேட்கிறேன். கொண்டுவந்து தருபவரைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். 2003-இல் பக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 15,000 பொருட்கள் கொள்ளைபோயின. “கொண்டுவாருங்கள், எதுவும் கேட்கமாட்டோம்” என்று அறிவித்தபின் ஆயிரக்கணக்கானவை திரும்பின. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான வார்க்கா சாடியை ஒரு காரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு. ஆனால் தானாக வந்து தருபவர்மேல் முறைப்பாடு செய்யமாட்டோம் என்று சபை தீர்மானம் எடுத்து ஊருக்கு அறிவிக்கலாம். வன்னிக்கு முதலில் வேண்டியது இந்த வழிதான் என்பது என் உறுதியான எண்ணம். நம் பொருட்களில் கணிசமானவை கடல் தாண்டவில்லை, பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் இருக்கின்றன.

வேற சமயத்து ஆக்கள்ட சாமான் எங்கட பக்கம் இருந்தா?

அதே நியாயம்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் அவர்கள் விட்டுப்போன பள்ளிவாசல் பொருட்களும் வீட்டுப் பொருட்களும் தமிழ்க் கைகளுக்கும் வந்தன. நம்முடையதைக் கேட்கும் அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். கையில் இருக்கிற பொருளை மீள்குடியேறிய பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பௌத்த விகாரைப் பொருள் என்றாலும் அப்படியே.

அம்மன்ர நகையள்?

அது வேறு பாதை. 2025 மே மாதம் இராணுவம் தன் பொறுப்பில் இருந்த, போர்ப்பகுதிகளில் எடுத்த நகைகளைப் பொலிஸிடம் கையளித்தது. உரிமையைக் காட்டுபவருக்குத்தான் கிடைக்கும். அடகுச் சிட்டை, நகை போட்ட அம்மனின் சாத்துப்படிப் படம், உபயக் கணக்குக் கொப்பி இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

புதுசா எழுந்தருளி செய்து கும்பாபிஷேகமும் முடிஞ்சுது. இப்ப பழையவ வந்தா ரெண்டு பேரையும் என்ன செய்யிறது?

குருக்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஊருக்கு ஊர் மரபு மாறும். பொதுவாக, அந்நியர் கையில் இருந்து வந்த மூர்த்தியைப் பிராயச்சித்தமும் சம்புரோட்சணமும் செய்தபின்தான் பூசைக்கு எடுப்பார்கள். பின்னப்பட்டிருந்தால் சிற்பாசாரியார் பார்த்துச் சொல்வார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆதாரத்துக்கான அளவும் படமும் எடுத்து முடியும்வரை மினுக்கவோ ஒட்டவோ உருக்கவோ விடாதீர்கள். பழையவளை வசந்த மண்டபத்தில் தனியாக எழுந்தருளச் செய்து, ஆண்டுக்கு ஒரு திருவிழாவை அவளுக்கென்று வைக்கலாம்.

ஊரில பத்துக் குடும்பம்தான் மிச்சம். திரும்பி வந்தாலும் காக்க ஆளில்லை. மியூசியத்தில குடுத்திடலாமே?

இது நியாயமான கேள்வி. பாதுகாப்பில்லாத கோயிலுக்குள் பழைய வெண்கலத்தை வைத்தால் இரண்டாம் முறையும் போகும். ஆனால் வைத்திருப்பதும் உரிமையும் இரண்டு விஷயம். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசிலிருந்து கொள்ளைபோன பெனின் வெண்கலங்களில் தன்னிடம் இருந்தவற்றின் உரிமையை ஜேர்மனி 2022-இல் முதலில் நைஜீரியாவுக்கு எழுதிக்கொடுத்தது. அதன்பிறகு சிலவற்றை நைஜீரியாவின் சம்மதத்தோடு இரவலாகப் பேர்லினில் வைத்திருக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம். உரிமை கோயிலின் பெயரில், பொருள் அருங்காட்சியகத்திலோ வசதியுள்ள பெரிய கோயிலிலோ. திருவிழாவுக்கு ஊருக்குக் கொண்டுவர வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், கோயில் கேட்டால் திருப்பித்தர வேண்டும் என்று மூன்றையும் எழுத்தில் போட்டு, இரு தரப்பும் ஒப்பமிட்டபின் கையளியுங்கள்.